சிப்பாய்களைக் காத்த சிவப்புப் பூ!

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் லண்டன் நகரில் ஒரு காட்சியைக் காணலாம்.

ராஜாவின் கோட்டில் ஒரு சிவப்புப் பூ. மந்திரியின் கோட்டிலும் அதே பூ. பஸ் ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், பள்ளிக்கூடம் போகும் பையன் என்று பார்க்கிற இடமெல்லாம் அதே பூதான்!

அது தோட்டத்தில் பூத்த பூ அல்ல. காகிதத்தால் செய்த பூ. அதற்கு இன்ன விலை என்று கிடையாது. உண்டியலில் மனமுவந்து போடுகிற காசுதான் விலை.

அந்தப் பூவின் பெயர் பாப்பி. நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் கசகசாவும் ஒரு வகைப் பாப்பிச் செடியின் விதைதான். ஆகையால் இந்தச் சிவப்புப் பூச் செடியைக் கசகசாச் செடிக்குப் பங்காளி என்று சொல்லலாம்.

உண்டியலில் விழும் காசு யாருக்குப் போகிறது? போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போகிறது. அதைத் திரட்டுவது "பிரிட்டிஷ் லீஜன்" என்ற மாஜி சிப்பாய்களின் சங்கம். 'லீஜன்' என்பது பழைய ரோமாபுரிப் பட்டாளத்தின் ஒரு பெரும் பிரிவுக்குப் பெயர்.

அந்தச் சங்கம் பிறந்த கதை கண்ணீரில் தொடங்குகிறது.

போர் முடிந்தது

1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி. காலை மணி 11. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக முழங்கிய பீரங்கிகள் ஓய்ந்தன. முதல் உலகப் போர் முடிந்தது.

பிரிட்டிஷ் தீவுகளில் இருந்து போனவர்களில் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மடிந்துவிட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களில் சுமார் 41,000 பேர் கையையோ காலையோ இழந்தவர்கள். இன்னும் பலருக்குக் கண் போயிற்று. பலருக்கு விஷப் புகையினால் நுரையீரல் கெட்டது. வெளியே காயம் எதுவும் தெரியாமல், குண்டுச் சத்தத்தால் மனம் கலங்கிப் போனவர்களும் உண்டு.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் பட்டாளத்தில் சுமார் 38 லட்சம் பேர் இருந்தார்கள். இத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எப்படி?

சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. "யாருக்கு வெளியே வேலை தயாராக இருக்கிறதோ, அவர் முதலில் போகலாம்" என்றது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை யாருக்குத் தயாராக இருந்தது? கடைசியாகப் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு! அவனைத்தான் பழைய முதலாளி இன்னும் மறக்கவில்லை. நாலு வருஷம் சேற்றுக் குழியில் கிடந்தவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

முதலில் போனவன் கடைசியில் திரும்ப வேண்டும். கடைசியில் போனவன் முதலில் திரும்பலாம்! இது என்ன நியாயம்?

1919 ஜனவரி 3-ந் தேதி போக்ஸ்டன் துறைமுகத்தில் ஆயிரக் கணக்கான சிப்பாய்கள் கப்பலில் ஏற மறுத்தார்கள். லீவில் வந்திருந்த அவர்களைத் திரும்பவும் பிரான்சுக்கு அனுப்பப் பார்த்தது பட்டாளம். "போக மாட்டோம்" என்றார்கள் சிப்பாய்கள். வேறு ஊர்களிலும் கலகம் மூண்டது.

அந்த மாதம் யுத்த மந்திரியாக வந்த சர்ச்சில், திட்டத்தை மாற்றினார். நெடுநாள் பணி செய்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் முதல் இடம் கிடைத்தது.

பதக்கமும் அடகுச் சீட்டும்

"வீரர்கள் வாழத் தகுந்த நாடாக இதை ஆக்குவோம்" என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்குக் கொடுத்திருந்தார். சிப்பாய்கள் நம்பிக்கையோடு ஊர் திரும்பினார்கள்.

1921-ம் ஆண்டு நடுவில் பிரிட்டனில் வேலை இல்லாதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 20 லட்சத்துக்கும் மேல்! அவர்களில் லட்சக் கணக்கானவர்கள் மாஜி சிப்பாய்கள்.

லண்டன் தெருக்களில் அவர்கள் நின்றார்கள். நெஞ்சிலே பதக்கம். கையிலே தீப்பெட்டி. "தீப்பெட்டி வாங்குங்கள், ஐயா!" பெயருக்குத்தான் வியாபாரம். உண்மையில் அது பிச்சை.

செத்தவர்களுக்கு நினைவு நாள் கொண்டாடியபோது, வேலை இல்லாத மாஜி சிப்பாய்கள் ஊர்வலமாக வந்தார்கள். அவர்கள் சட்டையில் பதக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் குத்தப்பட்டிருந்தது. என்ன அது? அடகுக் கடைச் சீட்டு!

பார்த்தவர்கள் தலை குனிந்தார்கள்.

உடலுக்கு விலைப் பட்டியல்

ஊனமானவர்களுக்கு உதவிப் பணம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

இரண்டு கைகளோ இரண்டு கால்களோ போயிருந்தால் முழு ஊனம். 1919-ம் ஆண்டுக் கணக்குப்படி, முழு ஊனம் அடைந்த சாதாரணச் சிப்பாய்க்கு வாரம் 40 ஷில்லிங், அதாவது 2 பவுன். ஒரு கை போனால் அதற்கு ஒரு வீதம். கால் முழங்காலுக்கு மேலே போனால் ஒரு வீதம், கீழே போனால் இன்னொரு வீதம்.

துணிக் கடையில் முழம் போட்டு அளப்பதுபோல் மனிதன் உடம்பை அளந்தார்கள்.

நோயாளி "என்னால் முடியவில்லை" என்பான். டாக்டர் குழு "முடியும்" என்று எழுதும். உதவிப் பணம் குறையும். இதைத் தட்டிக் கேட்க ஏழைச் சிப்பாய்க்கு யார் இருக்கிறார்கள்?

நாலு சங்கம், நாலு வழி

கேட்பதற்குச் சங்கங்கள் இல்லாமல் இல்லை. இருந்தன. அதுவும் ஒன்றல்ல, நாலு! அதுதான் தொல்லை.

முதல் சங்கம் 1916-ம் ஆண்டு பிளாக்பர்ன் என்னும் ஊரில் தோன்றியது. அது தொழிலாளர் பக்கம் சாய்ந்தது.

இரண்டாவது சங்கம் 1917-ல் தோன்றியது. அதற்கு ஒரு சட்டம் காரணம். காயம்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை மறுபடி பரிசோதித்து, மறுபடி போர்முனைக்கு அனுப்ப வழி செய்தது அந்தச் சட்டம். "எல்லோரும் ஒரு தடவை போகட்டும். பிறகு எங்களை இரண்டாவது தடவை கூப்பிடுங்கள்" என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். இந்தச் சங்கத்துக்கு லிபரல் கட்சிக்காரர்கள் சிலர் துணை நின்றார்கள்.

மூன்றாவது சங்கமும் 1917-ல்தான் வந்தது. இதற்குக் கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரபுக்களின் ஆதரவு இருந்தது.

நான்காவது, 1920-ல் வந்த அதிகாரிகள் சங்கம்.

ஒரே குழியில் கிடந்தவர்கள், ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள், ஊருக்கு வந்ததும் நாலு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு சங்கம் மந்திரியிடம் ஒன்றைக் கேட்கும். மற்றொரு சங்கம் வேறொன்றைக் கேட்கும். மந்திரி இருவரையும் வெறுங்கையோடு அனுப்புவார்.

தளபதியும் சிப்பாயும்

இந்த நாலையும் ஒன்று சேர்க்க முன்வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள்.

ஒருவர் டாம் லிஸ்டர். பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். இரண்டாவது சங்கத்தின் தலைவர்.

மற்றொருவர் பீல்டு மார்ஷல் ஹெய்க். பிரான்சில் பிரிட்டிஷ் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

ஹெய்க்கைப் பற்றி அன்றும் இன்றும் இரண்டு பேச்சு உண்டு. 1916 ஜூலை 1-ந் தேதி சோம் போர்க்களத்தில் ஒரே நாளில் 19,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள். "அவர் உத்தரவால்தானே மாண்டார்கள்?" என்று கேட்டவர்கள் பலர்.

ஆனால் போர் முடிந்ததும் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். சர்க்கார் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுக்க முன்வந்தது. "ஊனமான என் சிப்பாய்களுக்கு முதலில் வழி செய்யுங்கள். அதுவரை எனக்குப் பட்டம் வேண்டாம்" என்று அவர் தெரிவித்தார். 1919-ல்தான் பட்டத்தையும், பார்லிமெண்ட் அளித்த ஒரு லட்சம் பவுனையும் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு சாகும்வரை மாஜி சிப்பாய்களுக்காகவே உழைத்தார்.

அது பரிகாரமா, பாசமா? அவர் மனத்தை யார் அறிவார்! பலன் என்னவோ சிப்பாய்களுக்குக் கிடைத்தது.

நாலு சின்னம், ஒரு மலர் வளையம்

1921-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

லண்டனில் 'சினடாப்' என்ற நினைவுச் சின்னம் இருக்கிறது. போரில் மடிந்தவர்களுக்காகக் கட்டிய கல் மேடை அது. உள்ளே யாருடைய உடலும் இல்லை. அதைத் திட்டமிட்டவர் லட்யென்ஸ். நம் புது டில்லியைத் திட்டமிட்டவரும் அவரே.

அன்று காலை நாலு சங்கத்தாரும் அந்த மேடைக்கு வந்தார்கள். டாம் லிஸ்டர் மேடையின் அடியில் ஒரு மலர் வளையம் வைத்தார். அதில் நாலு சங்கங்களின் சின்னங்களும் சேர்ந்து இருந்தன.

நாலு ஒன்றாயிற்று. பிரிட்டிஷ் லீஜன் பிறந்தது!

ஹெய்க் அதன் தலைவர் ஆனார். அன்றாடக் காரியங்களை நடத்தும் நிர்வாகத் தலைவராகச் சாதாரணச் சிப்பாய் லிஸ்டர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்டாளத்தில் அதிகாரியைக் கண்டால் சிப்பாய் சலாம் வைக்க வேண்டும். சங்கத்தில் அதெல்லாம் இல்லை. எல்லோரும் சமம். இன்னொரு விதியும் செய்தார்கள்: சங்கம் எந்த அரசியல் கட்சியையும் சேராது.

அதே ஆண்டில் பெண்கள் பிரிவும் தொடங்கப்பட்டது.

பூ வந்தது

சங்கம் பிறந்துவிட்டது. பணம்?

அப்போதுதான் பூ வந்தது.

பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் என்ற பகுதியில் கடும் போர் நடந்தது. குண்டுகள் நிலத்தைக் கிளறிப் போட்டன. பாப்பி விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால் முளைத்துவிடும். அதனால் புதைகுழிகளைச் சுற்றிலும் ரத்த நிறத்தில் பூக்கள் குலுங்கின.

கனடாவைச் சேர்ந்த ஜான் மக்ரே என்னும் பட்டாள டாக்டர், 1915-ல் தம் நண்பரைப் புதைத்த துயரத்தில் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அது உலகெங்கும் பரவியது. போர் முடிவதைப் பார்க்க மக்ரே இல்லை. 1918 ஜனவரியில் இறந்துவிட்டார்.

அமெரிக்காவில் மொய்னா மைக்கேல் என்ற பெண்மணி அந்தக் கவிதையைப் படித்தார். நினைவுக்காகப் பாப்பிப் பூவை அணிந்துகொள்ளத் தொடங்கினார். பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரான் அம்மையார் அதைப் பிடித்துக்கொண்டார். போரால் பாழான பிரெஞ்சு ஊர்களில் உள்ள பெண்களைக் கொண்டு துணிப் பூக்கள் செய்வித்தார். 1921-ல் லண்டனுக்கு வந்து, "இதை விற்றுப் பாருங்கள்" என்று லீஜனிடம் சொன்னார்.

லீஜன் துணிந்தது. 90 லட்சம் பூக்களுக்கு ஏற்பாடு செய்தது. 1921 நவம்பர் 11-ந் தேதி விற்பனை. ஒரு பூ மிஞ்சவில்லை!

வசூல், 1,06,000 பவுனுக்கு மேல்.

ஐந்து பேர் பட்டறை

அடுத்த ஆண்டு பூவை யார் செய்வது? "நம் ஊனமான சிப்பாய்களே செய்யட்டும்" என்றார் ஜார்ஜ் ஹவ்ஸன் என்ற மேஜர்.

1922-ல் லண்டனில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் பட்டறை தொடங்கியது. லீஜன் 2,000 பவுன் கொடுத்தது. வேலைக்கு வந்தவர்கள் ஐந்தே பேர்.

ஹவ்ஸனுக்கே முழு நம்பிக்கை இல்லை. "இது பெரிதாக வெற்றி பெறும் என்று தோன்றவில்லை. ஆனாலும் முயன்று பார்க்கலாம்" என்ற கருத்தில் தம் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்.

ஒற்றைக் கையாலேயே சேர்த்துவிடக் கூடிய விதத்தில் பூவை அமைத்தார்கள். இதழைக் காம்பில் கோர்க்க வேண்டும். நடுவில் கறுப்புப் பொத்தானை வைக்க வேண்டும். கை ஒன்று போதும்!

தெருவில் தீப்பெட்டி விற்றவன் இப்போது வேலைக்குப் போனான். வாரம் முடிந்ததும் கூலியை மனைவியிடம் கொடுத்தான். அது பிச்சைக் காசு அல்ல, அவன் உழைத்த காசு!

ஐந்து பேர் விரைவிலேயே ஐம்பது பேர் ஆனார்கள். சில ஆண்டுகளில் பட்டறை ரிச்மண்ட் என்னும் இடத்தில் ஒரு பழைய சாராய ஆலைக்கு மாறியது. பக்கத்திலேயே வீடுகளும் கட்டப்பட்டன. 1926-ல் ஹெய்க்கின் மனைவி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இன்னொரு பட்டறையைத் தொடங்கினார். அது இரண்டே பேருடன் ஆரம்பமானது.

ஏழு ஆண்டுக் கெடு

பூ விற்ற பணத்தால் சங்கம் வளர்ந்தது. ஊர் ஊராகக் கிளைகள் தோன்றின. 1925-ல் கெண்ட் பகுதியில் காச நோய்க்காரர்களுக்கு ஒரு மருத்துவ மனையை ஏற்றுக்கொண்டது. அதைச் சுற்றி நோய் தணிந்தவர்கள் வேலை செய்து வாழ ஒரு கிராமமே எழுந்தது. லண்டனில் டாக்சி ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளியும் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஒன்று இருந்தது.

பட்டாளத்தில் இருந்து விலகி ஏழு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால்தான் ஊன உதவிப் பணம் உண்டு என்பது சட்டம். ஆனால் விஷப் புகை குடித்த நுரையீரல் கேலண்டரைப் பார்த்தா கெடும்? எட்டாவது ஆண்டில் ரத்தம் கக்குகிறவன் என்ன செய்வான்?

"கெடுவை நீக்குங்கள்" என்று லீஜன் போராடியது. மனுக்கள் கொடுத்தது. ஒவ்வொரு சிப்பாயின் வழக்கையும் எடுத்துக்கொண்டு விசாரணை மன்றத்தில் வாதாடியது. சர்க்கார் முழுவதும் இறங்கி வரவில்லை. ஆனாலும், தகுந்த ஆதாரம் இருந்தால் கெடு கடந்த விண்ணப்பங்களையும் பார்க்கலாம் என்று ஓரளவு இளகியது. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

புறப்படாத கப்பல்

சங்கம் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல முடியாது.

போரில் அடிபட்டவர்கள் மறுபடி போர் வரக்கூடாது என்று விரும்புவது இயல்பு. அந்த ஆசையில், 1935-ல் லீஜன் தூதுக்குழு ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைக் கண்டது. பழைய எதிரிகள் நண்பர்கள் ஆனால் போர் நின்றுவிடும் என்று நம்பியது.

1938-ல் ஹிட்லர் செக்கோஸ்லோவாகியாவில் ஒரு பகுதியைக் கேட்டார். அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தால் காவல் காக்க லீஜன் ஆட்களை அனுப்ப முன்வந்தது. ஆயிரக் கணக்கானவர்கள் பெயர் கொடுத்தார்கள். சுமார் 1,200 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு கப்பல்களில் ஏறினார்கள்.

கப்பல்கள் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்திலேயே நின்றன. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஹிட்லர் கேட்ட பகுதி அவர் கைக்குப் போய்விட்டது. சில நாளில் அத்தனை பேரும் கப்பலைவிட்டு இறங்கி வீடு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. தகப்பன் போட்ட உடுப்பை மகன் போட்டான்.

வெள்ளைப் பூவும் பூவரசம் பூவும்

சிவப்புப் பூவைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள்.

1933-ல் இங்கிலாந்தில் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார் வெள்ளைப் பாப்பியை அணிந்தார்கள். "செத்தவர்களை நினைப்பது போதாது. இனி யாரும் சாகாமல் இருக்க வழி தேட வேண்டும்" என்பது அவர்கள் கட்சி.

இலங்கையில் வேறு விதமான எதிர்ப்பு. அங்கே பாப்பி விற்ற காசில் பெரும் பகுதி இங்கிலாந்துக்குப் போயிற்று. போருக்குப் போய் வந்த இலங்கைக்காரருக்குக் கிடைத்தது சொற்பம். ஆகவே அதே நவம்பர் 11-ந் தேதி அவர்கள் வேறொரு பூவை விற்றார்கள். சிங்களத்தில் 'சூரிய மல்'. நம் ஊர் வேலி ஓரத்துப் பூவரசம் பூதான்!

1933 முதல் அது பெரிய இயக்கமாக வளர்ந்தது. அதை வேகப்படுத்தியவர் யார்? டோரீன் யங் என்ற இங்கிலீஷ் ஆசிரியை! பள்ளிப் பிள்ளைகளிடம் பாப்பி விற்பதைக் கண்டித்து அவர் எழுதினார்.

இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள் நடக்கிறது. பிள்ளைகள் உண்டியல் ஏந்தி, சட்டையில் சிறு கொடி குத்திவிடுகிறார்களே, அந்தப் பணமும் மாஜி சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான்.

நூறு ஆண்டு தாண்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லீஜன் அங்கத்தினர் தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. பழைய வீரர்கள் மறைய மறைய அது குறைந்தது. ஆனால் வேலை குறையவில்லை. பின்னர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அடிபட்ட இளைஞர்கள் அதே வாசலுக்கு வந்தார்கள்.

1971-ல் சங்கத்துக்கு 'ராயல்' என்ற பட்டம் கிடைத்தது. 2021-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது.

பூவின் நடுவில் உள்ள கறுப்புப் பொத்தானில் நெடுங்காலம் "ஹெய்க் நிதி" என்று எழுதியிருந்தது. 1994-ல் அந்த எழுத்து மாற்றப்பட்டது. தளபதியின் பெயர் போயிற்று. பூ மட்டும் நிலைத்தது.

ஹவ்ஸன் தொடங்கிய பட்டறை இன்றும் இருக்கிறது. மலர் வளையங்கள் செய்கிறது. மாஜி சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிறது.

"பெரிதாக வெற்றி பெறாது" என்று அவர் நினைத்த முயற்சி அது. அந்த ஐந்து பேரும் அன்று வேலைக்கு வராமல் இருந்திருந்தால், தெருவில் தீப்பெட்டியோடு நின்றிருப்பார்கள்.